தோழியின் இரகசியமும் உயிரின் அமானத்தும்

பிறர் நம்மை நம்பிச் சொன்னதைக் காப்பது அமானத். இதை நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டில் கேட்டதை வீதியில் சொல்லாதே என்கிறோம். தன் சகோதரனின் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறுமையில் மறைப்பான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை மத்ரஸாவில் உஸ்தாதுமார்கள் எடுத்துரைக்கிறார்கள். வாக்கு மாறுவதும், நம்பி ஒப்படைத்ததில் மோசம் செய்வதும் நயவஞ்சகனின் அடையாளங்கள் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். இவை யாவும் நல்ல போதனைகளே. இவற்றில் ஒரு சொல்லைக் கூடக் குறைக்க வேண்டியதில்லை.

ஆனால், இந்தப் போதனைகளை நன்றாக மனத்தில் வாங்கிக் கொண்ட ஒரு பிள்ளைக்கு ஒருநாள் ஒரு சோதனை வரக்கூடும். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ உடன் படிக்கும் தோழி, இடைவேளையில் ஒதுக்குப்புறமாக அழைத்துச் செல்கிறாள். "எனக்கு இனிமேல் இருக்கவே பிடிக்கல. இத நீ யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அல்லாஹ் மேல சத்தியம் பண்ணு" என்கிறாள். அந்தப் பிள்ளையும் பயத்தில் சத்தியம் செய்து விடுகிறது.

இப்போது அது என்ன செய்ய வேண்டும்? சொன்னால் வாக்கு முறிகிறது, தோழமையும் போகிறது. சொல்லாமலிருந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் இவ்வளவு பெரிய பாரம்! இந்தக் கேள்விக்கு உரிய விடையை நாம் நம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? இந்த ஒரு கேள்வியைத்தான் இக்கட்டுரையில் வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

நம் வீட்டுக்கு வராது என்ற எண்ணம்

"இது நம்மைச் சேர்ந்த விஷயம் அல்லவே, தன் உயிரைத் தானே போக்கிக் கொள்வது நம் மார்க்கத்தில் ஹராம் அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். ஹராம் என்பதில் ஐயமே இல்லை. ஸூரத்துன்னிஸாவின் 29ஆம் வசனம் அதைத் தெளிவாகவே தடுக்கிறது. அந்தத் தடை எத்தனையோ உள்ளங்களுக்கு அரணாகவும் நிற்கிறது. ஆயினும் அரண் இருக்கும் ஊருக்குள்ளும் காய்ச்சல் வருகிறது. மனநோய்க்கும், அவமானத்துக்கும், தேர்வுத் தோல்விக்கும், வீட்டுச் சண்டைக்கும் மதம் கேட்டு வரும் பழக்கம் கிடையாது.

எண்ணிக்கையைப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் மாண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் மாணவ மாணவியர் 13,044 பேர். தேர்வில் தோற்றதே காரணம் என்று பதிவானவை மட்டும் 2,248. அவ்வாண்டு மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக அதிக மரணங்கள் பதிவான மாநிலம் நம் தமிழ்நாடுதான், 19,834 பேர். உலக அளவில் 15 முதல் 29 வயதுக்குட்பட்டோரின் மரணக் காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இது நேற்று முளைத்த துன்பமும் அன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர், தம் பொறுப்பிலிருந்த கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை நிகழ்ந்த மரணங்களை வீடு வீடாக விசாரித்துக் கணக்கெடுத்தனர். 10 முதல் 19 வயது வரையிலான இளம்பிராயத்தினரில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண் பிள்ளைகளில் 148 பேரும், ஒரு லட்சம் ஆண் பிள்ளைகளில் 58 பேரும் இவ்விதம் மாண்டதாக அவர்கள் 2004இல் வெளியிட்டபோது மருத்துவ உலகமே திகைத்தது. நம் வடதமிழகத்துக் கிராமங்களின் கணக்கு இது.

2022 ஜூலை மாதத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கள்ளக்குறிச்சிக்கு அருகே ஒரு பள்ளிக்கூட மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து கலவரமே மூண்டது. அடுத்த சில நாட்களில் தமிழகத்தின் வேறு சில ஊர்களிலும் பள்ளி மாணவியர் இறந்தனர். அவற்றுள் ஒன்று, ஸ்ரீபெரும்புதூருக்கு அதிகத் தொலைவில்லாத, திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரி. அம்மரணங்களின் காரணங்களை ஆராய்வது காவல்துறையின் வேலை, நீதிமன்றத்தின் வேலை. நாம் அதற்குள் புகவில்லை. ஆனால் அந்த நாட்களில் நம் பிள்ளைகள் பேருந்திலும் வகுப்பறையிலும் இதைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் மட்டும் அவர்களிடம் ஒன்றும் பேசாமல், தொலைக்காட்சியை மாற்றி விட்டு இருந்தோம்.

ஷிப்டு முடியாத வீடுகள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று வாழும் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பார்ப்போம். ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருந்த பூமி இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் ஆலை இயங்கத் தொடங்கியது. சிப்காட் வளாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அல்லாஹ் இங்கே ரிஸ்க்கின் வாசலைத் திறந்தான். அதற்கு நன்றி செலுத்த வேண்டும். அதே நேரத்தில் 2014இல் நோக்கியா மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிவது கேள்விக்குறியானதும் இதே மண்ணில்தான்.

இந்த வாழ்க்கையில் வீடு எப்படி மாறியிருக்கிறது? அத்தா இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் காலையில் வந்து படுக்கிறார். அம்மா பகல் ஷிப்டுக்குப் புறப்பட்டு விடுகிறார். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒருவர் உறக்கத்தில், ஒருவர் உழைப்பில். சொந்த ஊர் எங்கோ தெற்கே. இங்கே இருப்பது வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. மடியில் கிடத்தித் தலையைத் தடவி, "என்னாம்மா முகமே சரியில்ல?" என்று கேட்க நன்னாவும் இல்லை, நன்னியும் இல்லை. பக்கத்து அறைக்காரர் யாரென்றே தெரியாது. போன மாதம் இருந்தவர் இந்த மாதம் இல்லை.

பெற்றோரைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்காகவே அவர்கள் இரவையும் பகலையும் விற்று உழைக்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது இதன் விளைவைத்தான். முன்பு பாட்டியிடமோ மாமியிடமோ இறக்கி வைத்த மனச்சுமையை, இன்றைய பிள்ளை முதன்முதலில் இறக்கி வைப்பது பக்கத்து பெஞ்சில் இருக்கும் தோழியிடம், தோழனிடம். ஆகவே ஒரு பிள்ளையின் உயிர் பற்றிய செய்தி பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வந்து சேருமுன் இன்னொரு பிள்ளையின் காதில் விழுந்து விடுகிறது. அந்த இன்னொரு பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும். அது நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

சத்தியம் செய்து விட்டால்?

இனி விடைக்கு வருவோம். சொல்லத்தான் வேண்டும். உதவி செய்யக்கூடிய ஒரு பெரியவரிடம் உடனே சொல்லத்தான் வேண்டும். இதில் தயக்கத்துக்கே இடமில்லை.

ஏனெனில் இங்கே இரண்டு அமானத்துகள் மோதுகின்றன. ஒன்று, தோழி நம்பிச் சொன்ன சொல். மற்றொன்று, அந்தத் தோழியிடம் அல்லாஹ் ஒப்படைத்திருக்கும் உயிர். அவளுடைய உயிருக்கு அவளே உரிமையாளி அல்லள் எனும்போது, அதை இழப்பதற்கு மௌனத்தால் துணை நிற்கும்படி பிறரிடம் வாக்குக் கேட்க அவளுக்கு எங்கிருந்து உரிமை வரும்? ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்ற கருத்தை ஸூரத்துல் மாயிதாவின் 32ஆம் வசனம் கூறுகிறது. சபையில் பேசியவை அமானத் என்று கூறும் அபூதாவூத் அறிவிப்பு ஒன்றிலேயே, அநியாயமாக இரத்தம் சிந்தப்படும் விஷயம் அந்த அமானத்திலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. இரகசியம் காக்கும் கடமை, உயிர் காக்கும் கடமைக்குக் கீழேதான் நிற்கிறது.

சரி, செய்த சத்தியம் என்னாவது? இதற்கும் மார்க்கத்தில் வழி இருக்கிறது. ஒருவர் ஒன்றுக்காகச் சத்தியம் செய்த பின் வேறொன்று அதைவிடச் சிறந்ததென்று கண்டால், சிறந்ததையே செய்துவிட்டுச் சத்தியத்துக்குக் கஃப்பாரா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது அல்லது உடையளிப்பது. அதற்கு வசதி இல்லையேல் மூன்று நோன்பு. ஒரு தோழியின் உயிருக்கு ஈடாக மூன்று நாள் நோன்பு நோற்பது பாரமா? இந்தச் சட்டத்தைப் பருவமடைந்த ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருந்தால், சத்தியம் என்ற பூட்டு அதன் வாயை அடைத்து விடாது.

இப்பகுதித் தொழிலாளர்களுக்கு எளிதில் விளங்கும்படி ஒன்று சொல்லலாம். ஆலைகளில் இயந்திரங்களின் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். எமர்ஜென்சி என்று சொல்வார்கள். ஒருவருடைய கை இயந்திரத்துக்குள் சிக்கப் போகிறதென்று கண்டால், நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளன் கூட அதை அழுத்தி நிறுத்தலாம். சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்க வேண்டாம். கை சிக்கப் போகிறவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உற்பத்தி நின்று போனாலும், பின்னர் ஆபத்து ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும், முறையாக நடக்கும் ஆலையில் அவனைக் கடிந்து கொள்ள மாட்டார்கள். அடுத்த முறை அவன் தயங்கி விடக்கூடாதே! நம் பிள்ளைகளின் கையிலும் அப்படியொரு பொத்தான் இருக்க வேண்டும். அதை அழுத்தினால் திட்டு விழாது என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும்.

பேசினால் எண்ணம் வந்து விடுமா?

"சும்மா இருக்கும் பிள்ளையிடம் இதையெல்லாம் பேசி, இல்லாத எண்ணத்தை உண்டாக்கி விடலாமா?" என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அன்பினால் வரும் அச்சம்தான். ஆனால் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வு 2005இல் வெளியாயிற்று. ஒரு சாராரிடம் சாவைப் பற்றிய எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டார்கள். மறு சாராரிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணமோ மனக்கலக்கமோ கூடியிருக்கவில்லை. முன்பே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கோ, கேட்டதால் கலக்கம் சற்றுக் குறைந்தே இருந்தது.

மற்றோர் ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பாவின் பத்து நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவர்களிடம் மூன்று வழிகளைச் சோதித்தார்கள். முதல் வழி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது. இரண்டாவது, மனநல நிபுணர்கள் மாணவர்களைப் பரிசோதித்து ஆபத்திலிருப்போரைக் கண்டுபிடிப்பது. மூன்றாவது, மாணவர்களுக்கே சில மணி நேரம் பாடம் நடத்துவது; மனச்சோர்வு என்றால் என்ன, நண்பனுக்கு எப்படி உதவுவது, யாரிடம் போவது என்பவற்றை அவர்களே நடித்துப் பார்த்துப் பேசுவது. ஓராண்டுக்குப் பின் எடுத்த கணக்கு 2015இல் வெளிவந்தது. ஒன்றும் செய்யாத பள்ளிகளோடு ஒப்பிட்டபோது, மூன்றாவது வழியில் மட்டுமே உயிரை மாய்க்க முயன்றவர்களின் விகிதம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

ஆகவே பிள்ளைகளிடம் பேசுவதால் ஆபத்து வருவதில்லை. எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். மாண்ட பிள்ளையின் படத்தை மாட்டி வைத்து வீரனைப் போல் புகழ்வது கூடாது. எவ்விதம் மாண்டார் என்று விவரிப்பது கூடாது. "தோற்றான், அதனால் போய் விட்டான்" என்று ஒரே காரணத்தில் முடிச்சுப் போடுவதும் கூடாது. அப்படிச் சொன்னால், தோற்ற இன்னொரு பிள்ளைக்கு அது வழிகாட்டியது போலாகி விடும். துயரம் கடந்து போகும், மருத்துவம் உண்டு, கேட்க ஆள் உண்டு என்பதே பாடத்தின் சாரமாக இருக்க வேண்டும்.

பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டிய மூன்று

முதலாவது, கேட்பது. தோழன் திடீரென்று ஒதுங்கியிருந்தால், உணவும் உறக்கமும் கெட்டிருந்தால், தனக்குப் பிரியமான பொருளையெல்லாம் பிறருக்குக் கொடுத்து வந்தால், "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது" என்று பேசினால், சுற்றி வளைக்காமல், "சாகணும்னு தோணுதா?" என்று கேட்கலாம். கேட்டபின் உபதேசம் செய்யாமல் காது கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, உடனிருப்பது. அந்த நேரத்தில் அவனைத் தனியே விட்டுப் போகக்கூடாது.

மூன்றாவது, சொல்வது. வகுப்பு முழுவதும் பரப்புவது புறம் பேசுவதாகும். உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வது கடமையாகும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்கு நன்கு விளக்க வேண்டும். தோழியிடம் அது இப்படிச் சொல்லலாம்: "நீ சொன்னத ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன்னக் காப்பாத்தக் கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லுவேன். வா, ரெண்டு பேரும் சேந்தே போவோம்." சேர்ந்தே போகும்போது துரோகம் என்ற எண்ணமும் குறைகிறது. தோழி கோபித்துக் கொண்டால் கோபித்துக் கொள்ளட்டும். உயிரோடிருந்து கோபித்துக் கொள்ளும் தோழியிடம் நாளை சமாதானம் பேசலாம்.

இதோடு இன்னொன்றையும் பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லியும் காப்பாற்ற முடியாமற் போனால் அது பிள்ளையின் குற்றம் அன்று. காப்பாற்றும் பொறுப்பு பெரியவர்களுடையது. பிள்ளையின் பங்கு செய்தியைச் சேர்ப்பது மட்டுமே.

செய்தி வந்து சேரும் இடம்

இப்போது கேள்வி நம் பக்கம் திரும்புகிறது. பிள்ளை இரகசியத்தை உடைத்து நம்மிடம் வந்து சொல்கிறது. நாம் என்ன செய்கிறோம்? "வயசுக்கு மீறிய பேச்சு" என்று அடித்தால்? அந்தத் தோழியின் வீட்டில் போய், "உங்க பொண்ணு இப்படிப் பேசுதாம்" என்று அண்டை அயலார் கேட்கச் சொன்னால்? ஆசிரியர் வகுப்பில் எழுப்பி நிறுத்தி விசாரித்தால்? அப்போது பிள்ளை சொன்னது உண்மையிலேயே துரோகமாகி விடும். இரகசியத்தை உடை என்று பிள்ளைக்குச் சொல்லும் தகுதி, உடைந்து வருவதைப் பத்திரமாகத் தாங்கத் தெரிந்த பெரியவர்களுக்கே உண்டு.

நம்மில் மார்க்கப் பற்றுள்ளோர் செய்யும் இன்னொரு தவறும் உண்டு. வேதனையில் இருக்கும் பிள்ளையைக் கண்டதும் ஹராம், நரகம், ஈமானில் பலவீனம் என்று தொடங்கி விடுகிறோம். சட்டம் உண்மையே. ஆனால் சொல்லும் நேரம் ஒன்று இருக்கிறதல்லவா? நீரில் தத்தளிப்பவனுக்கு முதலில் நீட்ட வேண்டியது கை.

மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். பிரசவ வேதனையும், ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சமும் சேர்ந்து அழுத்த, இதற்கு முன்பே தாம் இறந்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று அவர்கள் கலங்கினார்கள். ஸூரத்து மர்யமின் 23ஆம் வசனம் இதை மறைக்காமல் கூறுகிறது. அடுத்த வசனங்களில் அவர்களுக்குக் கிடைத்தது என்ன? கண்டனம் இல்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதல், காலடியில் நீரோடை, கைக்கெட்டும் தூரத்தில் பேரீச்சம்பழம், உண்டு பருகிக் கண்குளிர இருக்கும்படி ஏவல், மனிதர்களுக்கு இப்போது விளக்கம் கூற வேண்டியதில்லை என்ற விடுதலை. ஆறுதல், உணவு, ஓய்வு, ஊர்வாயிலிருந்து பாதுகாப்பு! சாவை விரும்பிப் பேசும் ஒரு பெண் பிள்ளைக்கு நம் வீட்டில் இந்த நான்கில் எதைக் கொடுக்கிறோம்?

துன்பம் வந்தால் மரணத்தை ஆசைப்படாதீர்கள் என்று தடுத்த நபி (ஸல்) அவர்கள், தாங்க முடியாத நிலையில் இருப்பவருக்கு ஒரு துஆவையும் கற்றுத் தந்தார்கள்: வாழ்வது நலமாயிருக்கும் வரை வாழ வைக்கவும், மரணம் நலமாகும்போது மரணிக்கச் செய்யவும் அல்லாஹ்விடம் கேட்பது. வேதனையை வாய் விட்டுச் சொல்ல அங்கே வழி திறந்தே இருந்தது. முடிவு மட்டும் படைத்தவனிடம் விடப்பட்டது.

ஸஹீஹ் முஸ்லிமில் மற்றொரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களுடன் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த ஒருவர், நோயின் வேதனை தாங்காமல் தம் கைகளைக் காயப்படுத்திக் கொண்டு இறந்து போனார். பின்னர் துஃபைல் (ரலி) அவர்கள் அவரைக் கனவில் நல்ல நிலையில், ஆனால் கைகள் மூடப்பட்டிருக்கக் கண்டார்கள். ஹிஜ்ரத்தின் பொருட்டு அல்லாஹ் தம்மை மன்னித்ததாகவும், தாமே கெடுத்துக் கொண்ட கைகள் மட்டும் சீராக்கப்படவில்லை என்றும் அவர் கூறினார். இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் அந்தக் கைகளுக்காகவும் மன்னிப்புக் கேட்டுத் துஆச் செய்தார்கள். இத்தகையவருக்குத் தாமே ஜனாஸா தொழுவிக்காமல் விட்டதும் அதே நபிதான். செயலின் கடுமையை அது உணர்த்திற்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தே, அப்படி மாண்டவர் இஸ்லாத்தை விட்டு வெளியேறியவர் அல்லர், அவருக்கு ஜனாஸாத் தொழுகை உண்டு என்று பெரும்பான்மை இமாம்கள் முடிவு கூறினர். ஆகவே பிள்ளையை இழந்து நிற்கும் வீட்டைக் கண்டு ஊர் ஒதுங்குவதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. அந்த வீட்டின் தம்பியும் தங்கையும்தான் அடுத்து நம் ஆதரவு மிகவும் தேவைப்படுபவர்கள்.

செய்யக்கூடியவை

சட்டத்தைக் கண்டு அஞ்சி மருத்துவமனைக்குப் போகாமல் மறைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. 2018 மே முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 2024 ஜூலை முதல் அமலான புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவு இடம் பெறவில்லை. எனவே மறைக்க வேண்டாம், சிகிச்சை பெறலாம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் யாரிடம் சொல்வது? 2025 ஜூலை 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டுதல்கள், நூறும் அதற்கு மேலும் மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்கின்றன. ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி வேண்டும் என்கின்றன. மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பதையும் பலர் முன் அவமானப்படுத்துவதையும் தவிர்க்கச் சொல்கின்றன. பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மார்க் பட்டியலை மட்டும் கேட்காமல், "ஆலோசகர் யார்? எந்த நாளில் வருகிறார்?" என்றும் கேட்போமாக. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. இதற்கென்றே பயிற்சி பெற்ற சாதாரண இளைஞர்கள் பணியாற்றிய பள்ளிகளில் பிள்ளைகளின் மனச்சோர்வு குறைந்தது. ஆசிரியர்களிடமே கூடுதல் வேலையாக ஒப்படைத்த பள்ளிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மார்க் போடுகிறவரிடம் மனத்தைத் திறப்பது பிள்ளைக்குக் கடினம் போலும். நம் ஜமாஅத்துகளிலும் படித்த இளைஞர்களும் பெண்களும் இருக்கிறார்கள். தகுந்த பயிற்சி பெற்று, மாலை மக்தபில் பிள்ளைகள் அணுகக்கூடிய ஒருவராக அவர்களில் யாராவது இருக்க முடியாதா?

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா நிலையம் இத்துறையில் நெடுங்காலமாகத் தொண்டாற்றி வருகிறது. அதன் எண் 044-24640050. மத்திய அரசின் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில், 2022 அக்டோபர் முதல், இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசுகிறது. தமிழக அரசின் 104, பள்ளிக் கல்வித் துறையின் 14417, சிறுவர்களுக்கான 1098 ஆகியவையும் உள்ளன. இவற்றை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் எழுதலாம்.

தேர்வு முடிவு வரும் நாளில் முடிந்தால் ஷிப்டை மாற்றிக் கொண்டு பெற்றோரில் ஒருவராவது வீட்டில் இருங்கள். தோற்றவர்கள் சில வாரங்களிலேயே மறுபடி எழுதத் துணைத் தேர்வு இருப்பதை முடிவு வருமுன்பே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் நச்சு மருந்துகளையும் பூட்டி வையுங்கள். பல நேரங்களில் அந்த எண்ணம் ஓர் அலையைப் போல் எழுந்து தணிகிறது. அந்தச் சிறு பொழுதைக் கடத்தி விட்டால் உயிர் மிஞ்சுகிறது. தொடர்ந்து மனம் வாடியிருக்கும் பிள்ளைக்கு ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். மருந்து தேடுவதை நபி (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றிரவோ நாளையோ, ஷிப்டுக்கு இடையில் கிடைக்கும் கால் மணி நேரத்தில், பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "உன் சிநேகிதங்க யாராவது உயிரை விடப் போறதா சொன்னா, சத்தியம் பண்ணியிருந்தாலும் எங்ககிட்ட வந்து சொல்லு. திட்ட மாட்டோம். உனக்கே அப்படித் தோணினாலும் சொல்லு. அப்பவும் திட்ட மாட்டோம்." பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கும் அமானத் அது.

நம் சந்ததியரின் உள்ளங்களுக்கு அமைதியையும், அவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையை நமக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.